திறந்தது, பூட்டியது, பார்த்த நாள்

பெருங்கடவிளையில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஆதாரில் பெயர் திருத்த வருகிறவர்கள் பாதி, வருமானச் சான்றிதழுக்கு வருகிறவர்கள் மீதி. கள்ளுக்கடைகளைப் பட்டியல் போட்டு இன்டர்நெட்டில் ஏற்றித் தரச் சொல்லி வந்தது ஒரே ஒருத்திதான். அந்த அக்காவை எனக்கு முன்பே தெரியும். ஹெல்த் சென்டரில் சிஸ்டராக இருந்து ரிட்டயரானவள். சபையில் பெண்கள் கூட்டத்துக்கு முன்வரிசையில் உட்காருகிறவள். அவள் ஒரு நீள நோட்டை என் மேசையில் விரித்து வைத்தபோது, கள்ளுக்கு எதிராக ஏதோ மனு என்றுதான் நினைத்தேன்.

நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. ஷாப்பு இருக்கும் இடம், திறந்தது, பூட்டியது, கடைசியாகப் பார்த்த நாள். நெய்யாற்றின்கரை முதல் பாறசாலை வரை, அந்தப் பக்கம் ஆரியங்கோடு, காட்டாக்கடை வரை. கள்ளு ஷாப்புகளோடு நாலைந்து பாரும் இருந்தன.

"அக்கா, இது எக்சைஸ்காரங்களுக்கா?"

"எக்சைஸுக்கு என்னத்துக்கு? அவியளுக்குத் தெரியாத ஷாப்பா? எனக்காக்கும்."

மகன் வீட்டை விட்டு இறங்கினால் மூன்று நாள், நாலு நாள் திரும்ப மாட்டான் என்றாள். ஒளிக்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. சளி, இருமல் எத்தனை நாளாக என்று மற்றவர்களிடம் கேட்கிற அதே குரல்.

"நான் தேடிப் போவேன் மக்கா. போன மாசம் திறந்திருந்த ஷாப்பு இந்த மாசம் பூட்டிக் கிடக்கும். நான் பூட்டினதுக்கு முன்னால நிக்கிற நேரத்தில அவன் வேற எங்கயோ கவுந்து கிடப்பான். எது திறந்திருக்குண்ணு தெரிஞ்சா எனக்கு நடை மிச்சம். எல்லாரும் காணுற மாதிரி போட்டா, எனக்குத் தெரியாத ஷாப்பை நாலு பேரு சொல்லுவாவ."

"அவங்க சொன்னா அதையும் அப்படியே சேத்துருவோம்."

"அது செரியாவாது. நான் பெய்ப் பாக்கணும். நான் கண்டாத்தான் எழுத்து."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஊரில் பாதிப் பேர் அதைச் சொல்லிக் கேலி பண்ணுவார்கள். கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் காலத்தில், "சிரட்டையில தண்ணி ஒண்ணும் கெட்டி நிக்கல்ல சிஸ்டரே" என்று என் அம்மா வாசலில் நின்று சொன்னால் அவளுக்குப் போதாது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போவாள். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்ப்பாள். மழைக்காலத்தில் நூறு மரத்துச் சிரட்டையையும் கவிழ்த்துவிட்டு, சேலை முட்டளவு நனைந்து வந்து, அதன் பிறகுதான் "தண்ணீர் இல்லை" என்று எழுதுவாள். மற்ற சிஸ்டர்கள் ஜங்ஷனில் சாயா குடித்துக்கொண்டே ஒரு வார்டை எழுதி முடிப்பார்களாம். இவளுக்கு ஒரு வார்டு முடிய ஒரு வாரம் ஆகும். அதற்காக மேலே இருப்பவர்களிடம் வசவும் வாங்கியிருக்கிறாள்.

அந்தப் புத்தியோடுதான் ஷாப்புகளுக்கும் போனாள். பழைய ஸ்கூட்டர், முன்னால் தொங்கும் பையில் நோட்டு. ஷாப்பின் முன்வாசலில் நிற்க மாட்டாள், அடுக்களைப் பக்கம் போவாள். "மகன் உண்டா?" என்று ஒரு கேள்வி. இல்லை என்றாலும் பெஞ்சுகளை எட்டிப் பார்ப்பாள். பிறகு அடுப்பைப் பார்ப்பாள். போர்டு தொங்கினாலும் அடுப்பு ஆறிக் கிடந்தால் அது திறந்த ஷாப்பு இல்லை என்பது அவள் கணக்கு. பூட்டிய ஷாப்பு என்றால் பூட்டைக் கையால் பிடித்து ஒரு தடவை இழுப்பாள். எழுதும்போது ஒரு போட்டோ. அவளிடம் இருந்த பூட்டிய ஷாப்புகளின் போட்டோக்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று தாறாவுக் கூடாகியிருந்தது, உள்ளே வாத்துகள். ஒன்றில் டயர் வியாபாரம். இன்னொன்றில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அதிலும் போய் முன்கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பூட்டியது" என்று எழுதியிருந்தாள்.

சப்ளையர்கள் முதலில் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டது. சானல்கரை ஷாப்பில் கறி வைக்கிற ஆள் அவளைக் கண்டதும் மரச்சீனிக் கிழங்கும் மத்திக் கறியும் இலையில் பொதிந்து கொடுப்பானாம். வாங்க மாட்டாள். "மகன் வந்தா அவனுக்குக் குடு. குடிக்கிறதுக்கு முன்னால குடு" என்று சொல்லிவிட்டு வருவாள்.

இன்டர்நெட்டில் பக்கத்தை மலையாளத்தில்தான் போட்டோம். எங்கள் ஊர் கேரளத்தில், எல்லாரும் வாசிக்க வேண்டுமே. தினமும் பகல் மூன்று மணிக்கு என் சென்டருக்கு வந்து, அன்று பார்த்த ஷாப்புகளுக்கு நேரே தேதியை மாற்றச் சொல்லுவாள். நாளடைவில் போனிலேயே மாற்றப் பழகிக்கொண்டாள், வருவதை மட்டும் விடவில்லை. ஒரு ஷாப்பை விட்டு வெளியே இறங்கினதும் ரோட்டோரம் ஸ்கூட்டரை நிறுத்தி அப்போதே மாற்றுவாள். உடனே எழுதினால்தான் எழுத்து என்பது அவள் கட்சி.

அந்தப் பக்கம் ஓடிய ஓட்டத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு இப்போது வருவதில்லை. குடிக்கிறவர்களுக்கு இவ்வளவு நம்பகமான தகவல் வேறெங்கே கிடைக்கும்? திருவனந்தபுரத்திலிருந்து கார் எடுத்து வந்து மீன்கறி தின்கிறவர்கள் அதைப் பார்த்துதான் வந்தார்கள். "சேச்சிக்கு நன்றி" என்று கீழே எழுதினார்கள். மரியாதை, கும்பிடு, பூப்படம். அக்கா ஒவ்வொன்றையும் வாசித்து, அதில் மகனைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

சபையில் போதகர் கூப்பிட்டுக் கேட்டார். "அம்மா, நீங்க செய்யிறது குடிகாரனுக்கு வழி காட்டுறதாக்கும்."

"ஐயரே, நான் கண்டதை எழுதுறேன். காணாததை நீங்க பிரசங்கம் பண்ணுங்க" என்றாளாம். அதற்குப் பிறகு அவளை முன்வரிசையில் யாரும் தேடவில்லை. அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை வைத்துக்கொண்டாள், அன்றுதான் ஷாப்பில் கூட்டம் அதிகம்.

ஷாப்பு ஒவ்வொன்றாகப் பூட்டிய ஒரு வருஷம் உண்டு. எடுத்து நடத்த ஆள் இல்லாமல் ஒன்று, கள்ளு கிட்டாமல் ஒன்று. பூட்டியது என்ற வரிசை நீள நீள அக்காவின் முகம் தெளிந்தது. "இன்னும் கொஞ்சம் மக்கா, அவனுக்குப் போக இடம் இருக்காது" என்றாள். நானும் நம்பினேன். அவன் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக் கடைகளுக்குப் போக ஆரம்பித்தான். அக்கா நோட்டில் புதிதாக ஒரு பக்கம் கோடு போட்டாள்.

மகனை எனக்கு நன்றாகத் தெரியும். வயரிங் வேலை. என் சென்டரில் கரண்ட் அடிக்கடி கட்டாகி இரண்டு கம்ப்யூட்டர் போனபோது, மற்றவர்கள் கண்டுபிடிக்காத கோளாறை அரை மணிக்கூறில் கண்டுபிடித்தான். கை நடுங்கியது. டெஸ்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேலை செய்தான். நான் அவன் அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தேன், கொஞ்சம் உபதேசம் செய்யும் எண்ணத்தோடு. அவன் ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னான்.

"அண்ணே, ஊரில எல்லாரும் பொய் சொல்லுவாவ. நீங்களும் சொல்லுவிய. நான் வாயைத் திறந்தா பொய்யாக்கும். எங்கம்மா சொல்லமாட்டா. எனக்கு இந்த உலகத்தில நம்புறதுக்கு அந்த ஒண்ணுதான் உண்டு."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் தேடியும் அக்கா அவனை ஷாப்பில் வைத்துப் பிடித்தது நாலைந்து தடவைதான். இது எனக்கு விளங்கவே இல்லை. இத்தனை சின்ன இடம், இத்தனை குறைந்த ஷாப்பு, இவளோ ஒன்றையும் விடுகிறவள் இல்லை. ஒரு நாள் சானல்கரை ஷாப்பில் கறி வைக்கிற அந்த ஆள் வீட்டு வரி கட்ட என்னிடம் வந்தான். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சிஸ்டர் வந்து போன உடனே அவன் வருவான். போனில அம்மைக்க பக்கத்தைப் பாத்துட்டு வாறவனாக்கும். 'இஞ்ச பாத்தாச்சு, இனி இண்ணைக்கு வரமாட்டா' எண்ணு சொல்லிட்டு உக்காருவான். போனை மேசையில மலத்தி வச்சிருப்பான். அம்மை அடுத்த ஷாப்புக்கு நாள் மாத்தினா, 'ஆ, பெருங்கடவிளை எத்தியாச்சு' எண்ணு சொல்லுவான்."

மகனைத் தேட அவள் போட்ட பட்டியலை வைத்துத்தான் மகன் அவளிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்தான். அவளுடைய உண்மைதான் அவனுக்கு ஒளிந்துகொள்ள இடம்.

அன்று மூன்று மணிக்கு அக்கா வந்ததும் சொல்லிவிட்டேன். நாற்காலியில் அப்படியே இருந்தாள். அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

"அப்பம் அவன் தெனமும் வாசிக்கிறான்" என்றாள். "நான் எழுதுறதை அவன் வாசிக்கிறான் மக்கா. நான் எங்க நிக்கியேண்ணு அவனுக்குத் தெரியும்."

இனி எழுதாமல் தேடுங்கள் என்றேன். அப்படியானால் அவனுக்கு அவள் எங்கே என்று தெரியாமல் போகும் என்றாள். அப்போது நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். போகாத ஷாப்புக்கு நேரே இன்றைய தேதியைப் போடுங்கள். போட்டுவிட்டு அங்கேயே போய் இருங்கள். அவன் தானாக வருவான்.

"காணாததைக் கண்டேன்னா?"

"ஒரு நாளைக்குத்தானே அக்கா."

"செய்யாண்டாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து அவளே வந்தாள். காட்டாக்கடைப் பக்கம் ஒரு ஷாப்பில் மகன் ரத்தமாக வாந்தி எடுத்ததாக யாரோ அந்தப் பக்கத்தின் கீழே எழுதியிருந்தார்கள். அக்கா முப்பது வருஷம் சிஸ்டராக வேலை பார்த்தவள், அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் பேசி வைத்திருந்தாள். ஆளைக் கொண்டுவந்தால் உடனே படுக்கை தருவதாக அவர் சொல்லியிருந்தார்.

"பனைவிளை ஷாப்பு" என்றாள். "இண்ணைக்குத் தேதி போடு."

"நீங்களே போடுங்க, போன் உங்க கையிலதானே."

"எனக்குக் கை வரமாட்டேங்குது. நீ அமத்து மக்கா."

நான் அமத்தினேன். நல்லது செய்கிறோம் என்ற கெத்து வேறு.

பனைவிளை ஷாப்பு ஆரியங்கோட்டுக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்தின் ஓரம். ஆட்டோவை மறைத்து நிறுத்தினோம். அக்கா உள்ளே கடைசிப் பெஞ்சில் இருந்தாள், மடியில் மாற்றுத் துணி வைத்த பை. நான் கறிப் பாத்திரங்களுக்குப் பின்னால். அரை மணிக்கூறு ஆகவில்லை, அவன் வந்துவிட்டான். மெலிந்து, கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தான். கையில் போன்.

அம்மாவைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். மறுபடியும் அம்மாவைப் பார்த்தான்.

"இஞ்ச வந்துட்டுப் பெயாச்சுண்ணு போட்டிருந்தியே?"

அக்கா எழுந்தாள். "வா மக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர்கிட்ட சொல்லியாச்சு."

"நீ வந்துட்டுப் போனியா, இல்லியா? அதைச் சொல்லு."

அக்கா மாற்றுத் துணிப் பையை அவனிடம் நீட்டினாள்.

"நீ காணாம எழுதினியாம்மா?"

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டான். பிறகு போனைப் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவில் நடந்தான். நான் பின்னால் ஓடினேன். "அண்ணே, வராதிய" என்றான், திரும்பாமல். நான் நின்றுவிட்டேன். பிடித்துக் கட்டியாவது ஆட்டோவில் ஏற்றியிருக்க வேண்டும். அவனோ நோஞ்சான், என்னால் முடிந்திருக்கும். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவன் அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. எந்த ஷாப்பிலும் யாரும் அவனைக் காணவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிகளில், பிணவறைகளில் அக்கா தானே போய்ப் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்துச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாளே. ஒவ்வொரு தடவையும் "அவன் இல்ல" என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவாள்.

பனைவிளை ஷாப்புக்கு நேரே இருந்த அந்தத் தேதியை அவள் மறுநாளே அழித்தாள். ஆனால் பக்கத்தை நிறுத்தவில்லை. முன்னைவிட மும்முரமாக ஷாப்பு ஷாப்பாகப் போனாள். எதற்கு என்று கேட்டேன். "அவன் எங்கயாவது இருந்து பாப்பான். இனி இதில ஒரு வரி பொய் இருக்கப்பிடாது" என்றாள். என்னைக் குறை சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரு நாள் பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். பக்கம் முழுக்க மலையாளம், அந்த ஒரு வரி மட்டும் தமிழ். மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். வேதப்புத்தகத்தை வைத்து அக்காதான் வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"வீடு. திறந்திருக்கு. பார்த்த நாள்: இன்று."

குடிக்க வருகிறவர்களுக்கு அது ஏதோ புது ஷாப்பின் பெயர் போலத் தோன்றியிருக்கிறது. "அங்கே மீன்கறி நல்லதா?" என்று ஒருவன் மலையாளத்தில் கேட்டிருந்தான். அக்கா, "நல்லது" என்று பதில் எழுதினாள்.

அந்த வரியின் தேதியை அவள் வீட்டில் இருந்த ஒரு நாள்கூட விடாமல் மாற்றினாள். ஒரு தடவை காய்ச்சலில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் மாற்றி வைக்கட்டுமா என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "நான் வீட்டில இல்லாம திறந்திருக்குண்ணு எப்படி எழுதுவே? கதவை ஆரு திறந்தா?" அந்த மூன்று நாளும் வரி பழைய தேதியோடே கிடந்தது. நாலாம் நாள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கி, கதவைத் திறந்து, படியில் நின்றபடியே தேதியை மாற்றின பிறகுதான் போய்ப் படுத்தாள்.

அந்தக் கதவை அவள் பூட்டியே நான் பார்த்ததில்லை. சாத்தியிருக்கும், தள்ளினால் திறக்கும்.

போன மழைக்காலத்தில் அக்கா செத்துப்போனாள். அடுக்களையில் விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்த மகள் வந்து எல்லாம் செய்தாள். அடக்கத்துக்குச் சானல்கரை ஷாப்பிலிருந்து கறி வைக்கிறவன் உட்பட ஆறேழு பேர் வந்து கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே நின்றார்கள். மூன்றாம் நாள் மகள் வீட்டைப் பூட்டி, "பாத்துக்கிடுங்க அண்ணே" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பக்கத்தின் கடைசி வரி அப்படியே இருந்தது. வீடு. திறந்திருக்கு. அவள் விழுந்த நாளின் தேதி.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இனி ஒரு வரி பொய் இருக்கக்கூடாது என்று சொன்னவள் அவள். முன்பு ஒரு பொய்யை அமத்தின கை என்னுடையது. இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று அவள் வீட்டுக்கு நடந்தேன். பூட்டைக் கையால் பிடித்து ஒரு தடவை இழுத்தேன், அவள் செய்வதுபோல. அங்கேயே வாசற்படியில் நின்று தமிழில் மாற்றினேன். "வீடு. பூட்டியது. பார்த்த நாள்: இன்று."

மறுநாள் காலையில் அந்த வரிக்குக் கீழே ஒரு கேள்வி வந்திருந்தது. பெயர் இல்லை, படம் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தில் எங்களைத் தவிர யாரும் தமிழில் எழுதியதில்லை. இது தமிழில் இருந்தது, ஒரே ஒரு சொல்.

"எப்பம்?"

அம்மா இறந்த நாளை எழுதினேன். சாவி என்னிடம் உண்டு, வா, திறந்து தருகிறேன் என்று எழுதினேன். என் போன் நம்பரைப் போட்டேன். பதில் வரவில்லை. அன்று முழுக்க அந்த வீட்டு வாசலில் போய் இருந்தேன். யாரும் வரவில்லை.

அவன் உயிரோடு இருந்திருக்கிறான். அன்றுவரை அந்த வரியைத் தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். திறந்திருக்கு என்பதை இன்னும் நாலு நாள் அப்படியே விட்டிருந்தால், தேதி மாறாததைக் கண்டு பயந்தாவது ஒரு நாள் வந்து நின்றிருப்பான். நான் அவசரப்பட்டு அவளைப்போல உண்மையை எழுதிவிட்டேன்.

இப்போது சென்டரை மூடிவிட்டுப் போகும் வழியில் அந்த வீட்டுக்குப் போய், சாவி போட்டுக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டு வருகிறேன். திரும்ப "திறந்திருக்கு" என்று எழுதலாமா என்று தினமும் நினைக்கிறேன். கதவு அப்போது திறந்துதான் இருக்கிறது, நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் எழுதினால் அவன் நம்ப மாட்டான். அம்மா இல்லை என்று நான்தான் அவனுக்குச் சொல்லிவிட்டேனே.